பூரணத்தின் மூச்சைச் சுமந்தவன்

பூரணத்தின் கை எதிர்வீட்டு வடிவிடம் போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆலங்கரையில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் அது, தெருவே குடத்தோடு வாசலில் நின்றது, ஆகவே நான் பார்க்கவில்லை என்று சாதிக்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் வழியில்லை. குடத்தை இடுப்பில் தூக்கி வைக்கப் போன வடிவு, வைக்காமல், நடுத்தெருவில் நின்றபடி வெறுங்கையால் பீடி சுற்ற ஆரம்பித்தாள். இல்லாத இலையை எடுத்து, இல்லாத தூளை அதில் நிரவி, கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளி, உருட்டி, நுனியை மடக்கி, இல்லாத நூலால் கட்டி, அடுத்த இலைக்குக் கையை நீட்டினாள். ஜென்மத்தில் பீடி சுற்றியவள் இல்லை வடிவு. ஆனால் நுனி மடக்கும்போது சுண்டுவிரலை மட்டும் தனியாகத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் அந்த ஊரிலேயே பூரணம் ஒருத்திதான் என்பது குழாயடியில் நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும், அதனால் யாருடைய கை இது என்று கேட்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், சாக்கடைத் தண்ணீர் யார் வாசலைத் தொட்டுப் போவது என்கிற தகராறில் வடிவும் பூரணமும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

அதே நேரத்தில் வீட்டுக்குள் பூரணம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, பீடி இலை மேல் தன் கை சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச காலமாகவே கட்டு தளர்ச்சியாக வருகிறது என்று கம்பெனியில் அவள் பீடியைக் கழித்துப் போட்டார்கள். தோசைக் கரண்டி நழுவிற்று, சேலை மடிப்பு நிற்காமல் சரிந்தது, தோளுக்குள் புழு நெளிகிற மாதிரி சதை தானாகத் துடித்தது. அவள் புருஷன் சங்கரபாகத்திடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "உனக்கு ரத்தம் கம்மிட்டி, பேரீச்சம்பழம் திங்கணும்" என்று அவனே சொல்லி முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

சங்கரபாகம் மினிபஸ் டிரைவர். அப்பாடா, அந்த வாய்! எதிரே வருகிற லாரிக்காரனுக்குப் புத்தி சொல்லி, பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் குடும்பச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லி, ஸ்டாப்பில் நிற்கிற ஆள் எந்த ஊர் டிக்கெட் என்பதை அவர் ஏறுவதற்கு முன்பே கண்டக்டருக்கு அறிவித்து, ஒரு ட்ரிப் முடிவதற்குள் ஊர்ப்பட்ட பேச்சுப் பேசிவிடுவான். வீட்டிலும் அப்படித்தான், பூரணம் ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் முடிக்கிறவன் அவன், முடித்தது சரியா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அவள்மேல் உசுரையே வைத்திருந்தான், ஆனால் அவசரக்காரன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர், "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"வலிக்கல சார், மரத்துப்போன மாதிரி இருக்குங்கா" என்றான் சங்கரபாகம்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

"அவ சொன்னதைத்தான சார் சொல்லுதேன்."

அவள் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஊசி குத்திப் பார்த்து, மின்சாரம் விட்டுப் பார்த்து, படமெல்லாம் எடுத்த பிறகு டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து, தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற வியாதி இது, கை போகும், கால் போகும், விழுங்குவதும் பேசுவதும் கஷ்டமாகும், கடைசியில் மூச்சுக்கு வரும், மூளை மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும், எல்லாம் புரியும், எல்லாம் உறைக்கும், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது என்று பொறுமையாகச் சொன்னார். பூரணம் கேட்டுக்கொண்டாள். சங்கரபாகம், "கை எங்கயும் போவல சார், எதுத்த வீட்லதான் இருக்கு" என்றான். டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பக்கத்திலேயே இருப்பது நல்லதுதான், சிலருக்கு வெளியூருக்குப் போய்விடுகிறது என்றார்.

அந்தக் கை எப்படி நடந்துகொண்டது என்றால், பூரணத்துக்கு மூக்கில் அரித்தபோது வடிவின் கை எழும்பி வடிவின் மூக்கையே சொறிந்தது. பூரணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலோ, அதே கை பூரணத்தின் மூக்கைத் தேடிப் போய்ச் சொறிந்தது. நாள் பூராவும் அரிக்காத மூக்கைச் சொறிந்து சிவக்க வைத்துக்கொண்ட பிறகு வடிவு சாக்கடையைத் தாண்டி வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டேதான். "உங் கை என் வீட்ல கெடந்து என்னைப் பாடாப் படுத்துது. இந்தா, என்ன வேணுமோ செஞ்சிக்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கை பூரணத்தின் மூக்கைச் சொறிந்தது, கண்ணோரத்தைத் துடைத்தது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிற்று, அப்புறம் நிதானமாகத் திரும்பி வந்து வடிவின் முழங்காலில் தட்டிக்கொடுத்தது. யார் யாரைத் தட்டிக்கொடுத்தார்கள் என்று வடிவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, "மதினி" என்று ஒரு சத்தம் போட்டு அழுதுவிட்டாள்.

பிறகு கால் போயிற்று. அது தையல்கடை மரியம்பீவியிடம் சேர்ந்தது. மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தவள் திடுமென எழுந்து, பூரணத்தின் நடையில், இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே எறிகிற அந்த நடையில், பூரணத்தின் வீட்டு அடுக்களைக்குப் போய் அடுப்பு முன்னால் நின்றாள். அதிலிருந்து, பூரணத்துக்கு நடக்க வேண்டும் போல இருந்தால் மரியம்பீவி வந்து அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கித் தன் பாதத்தின் மேல் அவள் பாதத்தை வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடப்பாள். அடுத்துப் போன இருமல், டீக்கடை காசிராஜனிடம் சேர்ந்தது. ஆலங்கரையில் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட ஆளில்லை. போன பொருள் கண்ணெதிரில் இருக்கிறதா, யார் பொறுப்பு என்று தெரிகிறதா, போதும் என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

சங்கரபாகத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ட்ரிப் முடிந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு பூரணத்தின் முன்னால் வந்து உட்கார்ந்து, பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொள்வான். தாலி கட்டினவன் இருக்கும்போது சண்டைக்காரிக்குக் கையும், ஒட்டும் உறவுமில்லாத டீக்காரனுக்கு இருமலும் போகலாமா என்று அவனுக்கு ஆற்றாமை பொங்கிற்று. "என்னட்டி, நான் உனக்கு என்ன கொறை வச்சேன்?" என்று கேட்பான். அவள் நாக்கு அப்போதே தடிக்க ஆரம்பித்திருந்தது, பதில் திரண்டு வர நேரமாகும். அதற்குள் அவனே, "கொறை ஒண்ணுமில்லல்லா? பெறகென்ன?" என்று முடித்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

இங்கேதான் தெரு ஒரு தப்புச் செய்தது. ஆலங்கரையில் எதையும் பங்கு பிரித்தால்தான் நிம்மதி. அம்மன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு வீட்டு மண்டகப்படி, இன்ன நாள் இன்னார் உரிமை, அதில் மயிரிழை மாறினாலும் வெட்டுக்குத்து. அந்தப் பழக்கத்தில், கோயில் நிர்வாகியாகவும் இருந்த காசிராஜன் தெருவைக் கூட்டி, பூரணத்தின் அசைவுகளையும் மண்டகப்படியாக்கிவிட்டான். காலையில் தலைசீவி விடுவது வடிவு வீட்டு உரிமை, வாசலுக்கு நடத்திவருவது மரியம்பீவி உரிமை, ஒன்றும் வராத வீடுகளுக்குக் குளிப்பாட்டும் உரிமை, விசிறும் உரிமை. அவரவர் நாளில் அவரவர் வீட்டிலிருந்து பட்டுப்புடவை வந்தது, மஞ்சளும் குங்குமமும் அப்பினார்கள், தலை தாங்காத பூவை வைத்தார்கள், பக்கத்துத் தெருவிலிருந்து வேண்டுதலோடு வந்த ஆட்களைக்கூட உள்ளே விட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பருத்திச் சேலை தவிர எதுவும் உடம்பில் தங்காத பூரணம் வேர்த்து வடிந்துகொண்டு நாற்காலியில் இருந்தாள், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற உரிமை மட்டும் யார் பங்கிலும் விழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் யாரோ அம்மன் பிரசாதம் என்று ஒரு கைப்பிடி சர்க்கரைப் பொங்கலை அவள் வாயில் ஊட்டிவிட்டார்கள். நெய் ஒழுகுகிற பொங்கல் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது. அவள் இருமல் டீக்கடையில் இருந்தது. காசிராஜன் பாய்லர் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி இருமினான், இருமி இருமிக் கண் பிதுங்கிற்று, பீடிப்புகையைக் குற்றம் சொன்னான், தண்ணீர் வாங்கிக் குடித்தான், இங்கே பூரணம் சத்தமேயில்லாமல் நீலம் பாய்ந்துகொண்டிருந்தாள். "யோவ், அது ஒன் இருமலாய்யா?" என்று டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கரண்டியை வீசிவிட்டு ஓடினான். ஓடிவந்து அவள் முன்னால் நின்று இருமிய இருமலில் பொங்கல் வெளியே வந்து விழுந்தது. காசிராஜன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்கு அப்புறம்தான் ஜெபக்கனி சிஸ்டர் வந்தாள். இந்த மாதிரி நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ், ஸ்கூட்டரில் வருவாள், குரலை உயர்த்த மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவில் பூரணத்தைத் தொடுகிற அத்தனை பேரும் கோயில் மண்டபத்துக்கு வர வேண்டும், பூரணமும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மண்டபத்தில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது பூரா வேலை. கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு கழன்றுவிடும், உங்கள் முழங்காலை மடக்கி, உடம்போடு உடம்பாக அணைத்து எழுப்ப வேண்டும். படுக்கையில் புரட்ட விரிப்பைப் பிடித்துப் புரட்ட வேண்டும். நேராக உட்கார வைத்து, மோவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, கூழ் பதத்தில் சின்னக் கரண்டி, ஒரு வாய் உள்ளே இறங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய், வெறுந்தண்ணீர்தான் இருக்கிறதிலேயே ஆபத்து. காசிராஜனைக் கூப்பிட்டு அவன் உள்ளங்கையைப் பூரணத்தின் விலாவுக்குக் கீழே வைத்து, "இருமல் உங்ககிட்ட வர்றப்ப இந்த எடத்துல மேல் பக்கமா ஒரு அமுக்கு, அதோட சேத்து இருமணும், அப்பத்தான் சளி வெளிய வரும்" என்று பழக்கினாள். பழகுகிறவரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள்.

அப்புறம் சங்கரபாகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க படுங்க" என்றாள்.

"நானா? எனக்கு என்ன வந்துச்சு? நான்லாம் நல்லாத்தான்..."

"படுங்க."

படுத்தவனின் கையையும் காலையும் துண்டால் கட்டினாள். இனிமேல் பேசக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, கண் மட்டும்தான் என்றாள். மற்றவர்களைப் பார்த்து, இவரைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். எல்லோருக்கும் சிரிப்பு. "அண்ணாச்சிக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா, டீதான்" என்று காசிராஜன் கரண்டியில் டீயை ஊட்டினான். கல்தரை குளிரும் என்று வடிவு போர்வையைக் கழுத்துவரைக்கும் மூடினாள். மரியம்பீவி விசிறினாள். இதற்கு நடுவில் சங்கரபாகத்தின் காதோரம் ஒரு எறும்பு ஏறிற்று. சின்ன எறும்புதான். அது காது மடலைச் சுற்றி, உள்ளே நுழையலாமா என்று நின்று பார்த்து, நுழைந்தது. அவன் கண்ணை உருட்டினான், விழித்தான், மூடித் திறந்தான். "பாத்தியா, இன்னொரு வாய் கேக்காவ" என்று காசிராஜன் மறுபடியும் டீயை ஊட்டினான். எத்தனை அன்பான கைகள், ஒன்றுகூட எறும்பின் பக்கம் போகவில்லை. சங்கரபாகத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குப் போனதைப் பூரணம்தான் முதலில் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் வடிவின் கை வடிவைக் கேட்காமல் எழும்பிப் போய் எறும்பை எடுத்துப் போட்டது.

சிரிப்பு அடங்கிவிட்டது. "கை வடிவக்காவோடதுதான். ஆனா அசைவு பூரணத்தம்மாவோடது. அத வச்சிருக்கவங்க அவங்களக் கேட்டுட்டுத்தான் எதையும் செய்யணும். கேட்டுட்டுக் காத்திருக்கணும். அவங்களுக்குப் பதில் வர நேரமாகும். அந்தக் காத்திருக்கிறதுதான் வேலை, மத்ததெல்லாம் எடுபிடி" என்றாள் ஜெபக்கனி சிஸ்டர். அன்றோடு மண்டகப்படி ஒழிந்தது.

சங்கரபாகம் வீட்டுக்கு வந்து காதை இரண்டு தடவை கழுவினான். அப்புறம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "தலகாணி சரியா இருக்கா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, உதடு துடித்துக்கொண்டு வந்ததைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் நாக்கு புரண்டு, எச்சில் வழிந்து, வார்த்தை உருட்டுக்கல்லாக வந்தது.

"ஒசரம். வாங்குன நாள்லேந்தே ஒசரம்."

தலையணையை எடுத்துப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே அவன் விக்கி விக்கி அழுதான். எத்தனை வருஷத்துத் தலையணை அது!

பேச்சும் ஒருநாள் நின்றது. அது யாரிடமும் போகவில்லை, கற்பூரம் மாதிரி கரைந்தே போயிற்று. சிஸ்டர் ஒரு அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிக்கொண்டுவந்தாள். வரிசையை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும், அவள் கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை, வரிசை கிடைத்ததும் எழுத்து, எழுத்து சேர்ந்தால் வார்த்தை. சங்கரபாகம் அதில் கெட்டிக்காரனானான். பாதி வார்த்தையிலேயே மீதி அவனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தும் கடைசி எழுத்துவரைக்கும் விரலை நகர்த்துவான். வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சி ஊற்றினார்கள். மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றுத் தள்ளுகிற மிஷின் வந்தது. தெரு இதையெல்லாம் பழகிக்கொண்டது. காசிராஜன் கடைக்கு வருகிறவர்கள், அவன் இருமத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டு ஒதுங்குவார்கள், அவன் ஓடிப்போய் வருகிறவரைக்கும் யாராவது டீ ஆற்றுவார்கள்.

முகமூடி போதாமல் போகிற காலம் வந்தபோது டாக்டர், தொண்டையில் துளைபோட்டு மிஷினோடு சேர்க்கலாம், சேர்த்தால் கூடக் கொஞ்ச காலம் இருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். தெரு அதை யோசிக்கவில்லை, வேறொன்றை யோசித்தது. அடுத்து போகப்போவது மூச்சு. அது யாரிடம் வரப்போகிறது? காசிராஜன், அவள் இருமலைத் தாங்கிப் பழகின நெஞ்சு என்னுடையது என்றான். வடிவு, கை இருக்கிற இடத்துக்குத்தான் மூச்சும் வரும் என்றாள். சங்கரபாகம் இடுப்புத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, இந்த ஒன்றையாவது எனக்கு விடுங்கள் என்று கத்தினான். அப்புறம் மரியம்பீவிதான், "அல்லாவே, அக்காவக் கேட்டோமா?" என்றாள். கூட்டத்துக்கே வெட்கமாகப் போயிற்று. எழுந்து வரிசையாக அவள் வீட்டுக்கு வந்தார்கள்.

சங்கரபாகம் அட்டையைப் பிடித்தான். அவள் சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. துளை வேண்டாம், மிஷின் வேண்டாம். மூச்சு யாரிடம் வந்தாலும் வரட்டும். ஆனால், நான் சொல்லும்போது விட்டுவிட வேண்டும்.

"என்னால முடியாது மதினி" என்றாள் வடிவு. "வந்தா நான் விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." காசிராஜன் நெஞ்சைத் தடவிக்கொண்டு தானும் விடமாட்டேன் என்றான். மரியம்பீவி முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போது சங்கரபாகம், "நான் விடுதேன்" என்றான், சட்டென்று, அவனுடைய பழைய அவசரத்தோடு. பொய். அந்த நிமிஷமே அவனுக்குத் தெரியும் அது பொய் என்று. ஒருக்கால் வந்துவிட்டால் செத்தாலும் விடமாட்டேன் என்றுதான் உள்ளே சொல்லிக்கொண்டான். பூரணம் அவனைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மேலே தூக்கினாள்.

அவள் மூச்சு ஒருநாள் காலை, அவன் அவளுக்குப் பல் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவனிடம் வந்தது. மார்புக்குள் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவன் மூச்சு ஒரு பக்கமும் அவள் மூச்சு ஒரு பக்கமுமாக ஏறி இறங்கிற்று, அதற்கு ஏற்றபடி கட்டிலில் அவள் நெஞ்சும் ஏறி இறங்கிற்று, முகமூடி தேவைப்படவில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவைக் கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தான், திறந்த வாய் வழியாக மூச்சு நழுவப் பார்த்தது, கட்டிலில் அவளுக்குக் கண் செருகிற்று. சடக்கென்று வாயை மூடிக்கொண்டான். ஆக, பேச முடியாது. உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அந்தத் தண்டனையைக் கொடுத்திருக்கலாம், சங்கரபாகத்துக்கா!

ஆனால் அவன் அதைச் சுமந்தான். அவன் வேகமாக நடந்தால் வீட்டில் அவளுக்கு மூச்சு வாங்கும், ஆகவே மெதுவாக நடந்தான். மினிபஸ்ஸில், "டிரைவர்ட்ட யாரும் பேச்சுக் குடுக்காதிய, அக்கா மூச்சு இருக்கு" என்று கண்டக்டர் எல்லா ஸ்டாப்பிலும் சொன்னான். பள்ளம் மேடு வந்தால் பயணிகளே, "பாத்து, பாத்து" என்றார்கள். அவனைச் சிரிக்க வைத்துவிடக் கூடாது என்று நையாண்டிப் பேச்சை நிறுத்தினார்கள், கோபப்பட வைத்துவிடக் கூடாது என்று லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், காய்ச்சல்காரர்கள் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். சாப்பிடும்போது மட்டும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு கவளத்தைத் தள்ளுவான். ஊரே அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டுதான் நடமாடிற்று.

தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அவள் முன்னால் உட்கார்ந்து, தன் மார்பைத் தொட்டுக்காட்டி, கையை விரித்து, புருவத்தைத் தூக்குவான். விடவா என்று அர்த்தம். அவள் கண்ணை மூடுவாள். இல்லை. அவனுக்கு உயிர் வரும். கேட்பது கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, இன்னொரு நாள் கிடைத்துவிட்டது. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. அவள் உடம்பு கூடாகிவிட்டது, படுக்கைப்புண் வந்தது, வலி இருந்தது, அவன் கேட்டான், அவள் கண்ணை மூடினாள். தனக்காகத்தான் மூடுகிறாளோ என்று ஒருநாள் தோன்றிற்று. அதை அட்டையில் கேட்கப் பயந்துகொண்டு கேட்கவில்லை.

ஒருநாள் காலை அவன் மார்பைத் தொட்டுக் கையை விரித்தான். பூரணம் கண்ணை மேலே தூக்கினாள்.

அவன் பார்க்காத மாதிரி எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டான், சாவியை எடுத்தான், வடிவு வந்து சீப்பை எடுத்துக்கொண்டிருந்தாள், அவளைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். பஸ்ஸை எடுத்தான். பார்க்கவில்லை, பார்க்கவில்லை, தூசி விழுந்து கண்ணைத் தூக்கியிருப்பாள் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனக்கே சொல்லிக்கொண்டான். இரண்டாவது ட்ரிப்பில் ஒரு பொம்பளை ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, அக்கா எப்பிடி இருக்காவ?" என்றாள். அவன் பேச முடியாதவன் என்பது ஞாபகம் வந்து, அவளே, "நல்லாத்தான் இருப்பாவ, நீங்க இருக்கும்போது என்ன கொறச்சல்" என்று முடித்துவிட்டுச் சீட்டைத் தேடிப் போனாள். சங்கரபாகம் தலையை ஆட்டினான். ஆட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. நல்லா இல்லை என்று அவன் சொல்லியிருப்பான். சொல்ல வாயில்லை, அவன் வாய்க்குள் இன்னொருத்தி ஒரு பதிலைத் திணித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு பதிலைத்தான் காலையில் கட்டிலின் மேல் போட்டுவிட்டு வந்திருந்தான்.

பஸ்ஸை ஓரம் கட்டினான். கண்டக்டர் கையில் சாவியைக் கொடுத்தான். பஸ்ஸில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஒவ்வொருவராக இறங்கி நின்றார்கள். வெயிலில் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தான்.

வடிவு அவள் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பூரணம் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான், இல்லை. அவன் மண்டிபோட்டு உட்கார்ந்து அட்டையை எடுத்தான். காலையில் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. எப்படி விட வேண்டும் என்று மட்டும் விரலை ஓட்டிக் கேட்டான். அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கு. ல. வை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். குலவையா? நானா? என்று புருவத்தால் கேட்டான்.

"அண்ணாச்சி, அது நல்ல காரியத்துக்குப் பொம்பளைக போடுறதுல்லா..." என்று ஆரம்பித்த வடிவு, பூரணத்தின் கண் மேலே போய் நின்றதைப் பார்த்து, அதற்கப்புறம்தான் என்ன நடக்கிறது என்று புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்குக் குலவை என்று அவன் கேட்கவில்லை. அவள் மூச்சு, அவள் இஷ்டம்.

எழுந்து அவள் பார்வைக்கு நேராக நின்றான். வாயைத் திறந்தான். முதலில் காய்ந்துபோன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நாக்கு புரளவில்லை, உதட்டில் இடித்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி முயன்றான், வந்துவிட்டது. கோணலும் மாணலுமாக, கட்டைக் குரலில், ஆம்பிளை போடுகிற குலவை, மத்தியான வெயிலில் அந்த வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. ஒரு குலவை காதில் விழுந்தால் பதில் குலவை போடாமல் இருக்க ஆலங்கரைப் பெண்களுக்குத் தெரியாது. எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று யோசிக்கும் முன்பே, அரிசி களைந்துகொண்டிருந்தவள் போட்டாள், துணி பிழிந்துகொண்டிருந்தவள் போட்டாள், தையல் மிஷினில் கால் நின்றுபோன மரியம்பீவி போட்டாள், பீடிச் சுளகை மடியில் வைத்திருந்தவர்கள் வாசல்களில் இருந்தபடியே போட்டார்கள். போடப் போடத்தான் இது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒருத்தியும் நிறுத்தவில்லை, அழுகிறவள் அழுதுகொண்டே போட்டாள். டீக்கடையில் காசிராஜன் பாய்லரைப் பிடித்துக்கொண்டு, தன் நெஞ்சில் இருமல் வருகிறதா என்று பார்த்தான், வரவில்லை. வடிவின் கை சிக்கெடுத்து முடித்து, பின்னி, நுனியில் முடிச்சுப் போட்டு, அதற்குப் பிறகு வடிவின் கையாக மட்டும் அவள் மடியில் கிடந்தது.

சங்கரபாகத்திடம் மூச்சு தீர்ந்தது. தெரு இன்னும் கொஞ்சநேரம் குலவை போட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒவ்வொரு வாசலாக அடங்கிற்று. அவன் மார்பில் இப்போது அவனுடையது மட்டும்தான் இருந்தது, பேச வேண்டுமானால் பேசலாம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைத் துடைத்து, "பூரணம்" என்று கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டு, அவசரப்படாமல், அவள் பதிலுக்குக் காத்திருந்தான்.